மேசை வாடகையும் ‘வெறும் திறமை’யும்: தமிழகத்தில் விளையாட்டுக் கூடங்களை முறைப்படுத்திய சட்டங்களின் வரலாறு – வடுகபட்டியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பில்லியர்ட்ஸ், பூல், கேரம், சீட்டு ஆகிய ஆட்டங்களுக்கு மேசையோ பலகையோ இட்டு, அதற்குக் கட்டணம் பெறும் கூடங்களைக் காலனிய அரசு ஐயத்துடன் நோக்கியது. அந்த ஐயம் சட்ட வடிவம் பெற்ற முறையையும், அச்சட்டங்களின் சொற்கள் இன்றும் நடைமுறையில் நீடிப்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கிலாந்தின் 1541, 1845ஆம் ஆண்டுச் சட்டங்கள், சென்னை மாகாணத்தின் 1888, 1930ஆம் ஆண்டுச் சட்டங்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை இதற்கு அடிப்படைச் சான்றுகளாகின்றன. தேனி மாவட்டம் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி, இச்சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. சட்டம் ஆட்டத்தின் கேட்டைவிட ஆடும் இடத்தையே அளந்தது என்பதும், அந்த அளவீடு எளிய மக்களின் கூடங்கள்மீதே மிகுதியாகச் சுமந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: சூதாட்டச் சட்டம், பில்லியர்ட்ஸ், கேரம், மனமகிழ் மன்றம், பொதுச் சூதாட்ட இல்லம், திறமை, வடுகபட்டி

முன்னுரை

கொடைக்கானல் மலையின் தென் அடிவாரத்தில், பெரியகுளத்துக்கு அருகே அமைந்த பேரூராட்சி வடுகபட்டி. பூண்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். சந்தை ஊர்களுக்கென ஒரு பொழுது உண்டு. சரக்கு இறங்கும்வரை, விலை படியும்வரை, வண்டி கிளம்பும்வரை காத்திருக்க வேண்டிய பொழுது அது. அப்பொழுதைப் போக்கத் தேநீர்க்கடைத் திண்ணையும் கேரம் பலகையும் சீட்டுக்கட்டும் துணையாகின்றன. இத்தகைய ஊர் ஒன்றில் நான்கு பலகைகளை இட்டு, ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு எனக் காசு பெற்று ஒருவர் கூடம் நடத்துகிறார் எனக் கொள்வோம். அவர் செய்வது தொழிலா, குற்றமா?

இவ்வினாவுக்கு நேரிய விடை சொல்லத் தமிழகத்தில் தனிச்சட்டம் ஏதும் இல்லை. ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தாத பல சட்டங்களின் இடுக்கிலிருந்தே விடையைத் தேட வேண்டியுள்ளது. அவ்விடுக்கு உருவான வரலாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூதாடும் இடம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘சூது’ அதிகாரம் (94) சூதாடும் இடத்தைக் ‘கழகம்’ என்னும் சொல்லால் சுட்டுகிறது. பிற்காலத்தில் அச்சொல் கல்விக்கும் அரசியலுக்குமான அமைப்பின் பெயராக உயர்ந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சூதை அரசு அலுவலரின் கண்காணிப்பில் ஓரிடத்தில் நடத்தச் சொல்கிறது. வென்றவரிடம் நூற்றுக்கு ஐந்து பங்கும், காய்களுக்கு வாடகையும் பெற வழிசெய்கிறது. வேறிடத்தில் ஆடினால் தண்டம் விதிக்கிறது. ஆக, அறநூல் ஆடுவோனின் அழிவைப் பேச, அரசியல் நூல் இடத்தையும் வாடகையையும் பேசியது. காலனியச் சட்டமும் இவ்விரண்டாம் நெறியிலேயே சென்றது. ஆனால், அது வாடகையை வருவாயாகக் கொள்ளாமல் குற்றத்தின் அடையாளமாக மாற்றியது.

1. வில்லிலிருந்து பில்லியர்ட்ஸ் மேசைக்கு

இன்றைய தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தில் இடம்பெறும் இரு தொடர்கள் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் காலத்தோடு தொடர்புடையவை. 1541இல் இயற்றப்பட்ட சட்டவிரோத விளையாட்டுகள் சட்டத்தின் முதன்மை நோக்கம் வில்வித்தையைக் காப்பது. குடிமக்கள் பகடை, சீட்டு, பந்துருட்டல், டென்னிஸ் ஆகியவற்றில் பொழுதைக் கழித்தால் வில்பயிற்சி குன்றும் என்பது அரசின் கவலை. எனவே, தம் ஊதியத்துக்காக இத்தகைய விளையாட்டுக்கான பொது இல்லம் நடத்துவதை அச்சட்டம் தடைசெய்தது. கைவினைஞர், உழவர், பயிற்சியாளர், பணியாளர் முதலியோர் கிறிஸ்துமஸ் காலம் தவிர்த்த நாள்களில் இவ்விளையாட்டுகளை ஆடக்கூடாது. ஆண்டுக்கு 100 பவுண்டும் அதற்கு மேலும் நிலவருவாய் உடையோர்க்கோ தம் வளாகத்துக்குள் ஆட்டத்துக்கு இசைவு தரும் சலுகை இருந்தது. ஊதியத்துக்காக நடத்தப்படும் பொது இல்லம் குற்றம். செல்வரின் தனி வளாகம் விலக்கு என்னும் பாகுபாடு இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், பழைய சட்டத்தின் ஒரு பகுதியை நீக்கியது. பந்துருட்டல், டென்னிஸ் போன்ற ‘வெறும் திறமை’ சார்ந்த விளையாட்டுகளைச் சட்டவிரோதம் எனக் கூறிய பகுதியே அது. ‘வெறும் திறமை’ என்னும் தொடர் இவ்வாறு ஒரு நீக்கற் குறிப்பாகப் பிறந்தது. அதற்கு இலக்கணம் ஏதும் வகுக்கப்படவில்லை. அதே சட்டம் பொது பில்லியர்ட்ஸ் மேசைகளுக்குத் தனி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் பெற்ற இடம் என்பதை வாயிலில் எழுதி வைக்க வேண்டும். இரவு 1 மணிக்குமேல் காலை 8 மணிவரை ஆட்டம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகிய நாள்களில் முற்றிலும் கூடாது. பில்லியர்ட்ஸ் திறமை விளையாட்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் மேசையைச் சுற்றிக் கூடும் கூட்டம் ஐயத்துக்குரியதாயிற்று.

அமெரிக்காவிலும் இதே மனப்பாங்கு காணப்படுகிறது. கலிபோர்னியாவின் தென் பசடேனா நகரம் கட்டணம் பெறும் பில்லியர்ட்ஸ், பூல் கூடங்களைத் தடைசெய்தது. 25 அறைகளுக்குக் குறையாத விடுதிகள் மட்டும் தம் விருந்தினர்க்காக மேசை வைத்துக்கொள்ளலாம் என விலக்களித்தது. இத்தடை செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1912இல் தீர்ப்பளித்தது. அயல்நாட்டவர்க்குப் பூல் கூட உரிமம் இல்லை எனச் சின்சினாட்டி நகரம் வகுத்த விதியையும் அந்நீதிமன்றம் 1927இல் ஏற்றது. பூல் கூடத்துக்குச் செல்வோர் யார் என்பதைப் பற்றிய சமூகக் கற்பிதமே இவ்விதிகளின் உண்மையான அடிப்படை எனலாம்.

2. மலைமேல் மன்றம், சமவெளியில் கூடம்

சென்னை மாகாணத்தில் பில்லியர்ட்ஸ் மேசை முதலில் நிலைகொண்டது ஆங்கிலேயர் மன்றங்களில்தான். 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் என்னும் அதிகாரி ஸ்நூக்கரை உருவாக்கியதாகக் கூறப்படுகிறது. அதன் விதிகள் 1880களில் உதகமண்டலம் மன்றத்தில் ஒழுங்குபெற்றன. உலகம் முழுவதும் ஆடப்படும் ஒரு மேசை விளையாட்டின் விதிகள் இன்றைய தமிழ்நாட்டு மண்ணில் செப்பம் பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது.

வடுகபட்டிக்கு நேர்மேலே உள்ள கொடைக்கானலிலும் 1887இல் ஆங்கிலேயர் மன்றம் தோன்றியது. மலைச்சாலை 1914இல் திறக்கப்படும்வரை கொடைக்கானலுக்குச் செல்வோர் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்தே மலையேறினர். துரைமார்களைப் பல்லக்கிலும் நாற்காலியிலும் சுமந்து சென்றவர்கள் கூலிகள். மேலே உறுப்பினர்க்கு மட்டுமான மன்றம். கீழே எவரும் நுழையத்தக்க கூடம். இவ்விரண்டையும் சட்டம் வெவ்வேறாக நோக்கியதற்குக் காரணம் ஆட்டத்தின் இயல்பு அன்று. காசு எவ்வாறு கைமாறுகிறது என்பதே. மன்றம் ஆண்டுச் சந்தா பெறுகிறது. கூடம் ஆட்டத்துக்கு ஆட்டம் வாடகை பெறுகிறது.

3. சதுர அடியும் முன்னனுமானமும்

சென்னை மாகாணம் இங்கிலாந்தைப் போலப் பில்லியர்ட்ஸுக்கெனத் தனி உரிமச் சட்டத்தை இயற்றவில்லை. மாறாக, மூன்று சட்டங்கள் இக்கூடங்களைச் சுற்றி வேலியிட்டன.

முதலாவது, 1888ஆம் ஆண்டின் பொதுமக்கள் கூடுமிடங்கள் சட்டம். இது சென்னை நகருக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கானது. 500 சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள அடைப்பிடத்தையோ கட்டடத்தையோ பொதுக் கேளிக்கைக்குப் பயன்படுத்த உரிமம் வேண்டும் என்கிறது. இவ்வளவீட்டின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முழு அளவு ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. கோலை வீசி ஆட ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி, அதாவது 352 சதுர அடி இடம் தேவை. இரண்டாம் மேசை இட்டவுடன் கூடம் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிடும். கேரம் பலகையின் ஆடுபரப்போ 29 அங்குலச் சதுரம். பத்துப் பலகைகள் இட்ட அறையும் 500 சதுர அடிக்குள் அடங்கக்கூடும். மக்கள்திரளின் பாதுகாப்பை எண்ணி வகுத்த அளவீடு, ஆட்டத்தின் தன்மைக்கு எவ்விதத்திலும் தொடர்பற்றது.

இரண்டாவது, அதே 1888இல் வந்த சென்னை நகரக் காவல் சட்டம். இது தலைநகருக்கு உரியது. மூன்றாவது, 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம். இன்று தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் என வழங்கும் இதுவே வடுகபட்டி போன்ற ஊர்களை ஆள்கிறது. இதன் மூன்று கூறுகள் நம் ஆய்வுக்கு முதன்மையானவை.

அ) ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்பதன் வரையறை. வீடு, அறை, கூடாரம், அடைப்பு, வண்டி, கலம் எனத் தொடங்கி எந்த இடத்தையும் அது உள்ளடக்குகிறது. அங்கே சீட்டு, பகடை, மேசை அல்லது வேறு சூதாட்டக் கருவி உரிமையாளரின் ஊதியத்துக்காக வைக்கப்பட்டிருக்க வேண்டும். கருவிக்கோ இடத்துக்கோ பெறும் கட்டணமும் ஊதியமே. ஆகவே, மேசை வாடகை என்னும் தொழில்முறையே குற்றத்தின் உறுப்பாகிவிடுகிறது.

ஆ) முன்னனுமானம். பிடியாணையுடன் நுழைந்து சோதனையிட்ட இடத்தில் சூதாட்டக் கருவிகள் கிடைத்தால், அவ்விடம் பொதுச் சூதாட்ட இல்லம் என்பதற்கு அதுவே சான்றாகும். ஆட்டம் நடக்கையில் அங்கிருந்தவர் ஆடவே வந்தார் எனக் கருதப்படும். அன்று எனத் தெளிவிக்கும் பொறுப்பு அவரையே சாரும். இல்லம் நடத்தியவர்க்கு 500 ரூபாய்வரை அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை; அங்கிருந்தவர்க்கு 200 ரூபாய்வரை அபராதம் அல்லது ஒரு மாதம்வரை சிறை எனச் சட்டம் வகுத்தது. 1930இல் 200 ரூபாய் என்பது கூலித்தொழிலாளி ஒருவரின் பல மாத உழைப்பு. இன்று தொகை சிறுத்துவிட்டது. ஆனால், வழக்கின் கறை சிறுக்கவில்லை. அரசுப் பணிக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கும் இளைஞருக்குப் பதிவான வழக்கொன்றின் விலை அபராதத்தைவிடப் பன்மடங்கு பெரிது.

இ) விலக்கு. 11ஆம் பிரிவு, எங்கு ஆடப்பட்டாலும் ‘வெறும் திறமை’ விளையாட்டுகளுக்கு முந்தைய பிரிவுகள் பொருந்தா என்கிறது. 1845இன் தொடர் 1867ஆம் ஆண்டு இந்தியப் பொதுச் சூதாட்டச் சட்டத்திலும், 1888ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவல் சட்டத்திலும் இடம்பெற்று, 1930இல் இங்கு வந்தமர்ந்தது. நான்கு சட்டங்களில் எதுவும் அதற்கு விளக்கம் தரவில்லை. எது திறமை, எது தற்செயல் என்பதை முதலில் முடிவு செய்பவர் சோதனைக்கு வரும் காவல் அலுவலர். நீதிமன்றம் அதைச் சீர்தூக்குவது பின்னரே.

4. நீதிமன்றங்களின் விளக்கம்

விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டம் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. 1957இல் சமர்பாக்வாலா வழக்குகளில், சூதாட்டம் வணிக உரிமையின் பாதுகாப்புக்குப் புறம்பானது என உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பான்மைத் திறமை தேவைப்படும் போட்டி சூதாட்டம் ஆகாது என்பதையும் தெளிவாக்கியது.

செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கு, மேசை வாடகைச் சிக்கலை நேராகத் தொட்டது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ளவும், சேர்க்கவும் கழிக்கவும் திறமை வேண்டும். மூன்று சீட்டு ஆட்டம் போல அது தற்செயல் மட்டும் சார்ந்ததன்று என நீதிமன்றம் கருதியது. மன்றம் தன் சேவைகளுக்காகப் பெறும் சிறு கட்டணத்தால் மட்டுமே அவ்விடம் சூதாட்ட இல்லம் ஆகிவிடாது எனவும் கூறியது. ஆட்டத்திலிருந்தே உரிமையாளர் ஊதியம் பெறுவதாக மெய்ப்பிக்கப்பட்டால் நிலை வேறு. இத்தீர்ப்பு உறுப்பினர் மன்றத்துக்குக் கவசமாயிற்று. உறுப்பினர் பட்டியலோ சங்கப் பதிவோ இல்லாத தெருமுனைக் கேரம் கூடத்துக்கு அதே கவசம் எளிதில் எட்டவில்லை.

குதிரைப் பந்தயத்தில் இப்பாகுபாடு உச்சம் பெற்றது. தமிழக அரசு 1974இல் பந்தயத்தை ஒழிக்கவும், 1986இல் சென்னைக் குதிரைப்பந்தய மன்றத்தைக் கையகப்படுத்தவும் சட்டம் இயற்றியது. 1996இல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டே எனத் தீர்ப்பளித்து, கையகப்படுத்தும் சட்டத்தையும் செல்லாததாக்கியது. ‘வெறும் திறமை’ என்பதற்குப் ‘பெரிதும் திறமை’ என்றே பொருள்கொள்ள வேண்டும் என்னும் விளக்கம் இவ்வழக்கில் உறுதிப்பட்டது. பெருஞ்செலவில் உச்ச நீதிமன்றம்வரை சென்று இவ்விளக்கத்தைப் பெறக் குதிரைப்பந்தய மன்றத்தால் இயன்றது. நாலு பலகை வைத்தவரால் அது இயலாது.

திறமையின் சான்று தேவைப்படின் அது கண்முன்னே உள்ளது. 1958இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வில்சன் ஜோன்ஸ் வென்றார். கேரமில் இருமுறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்றவர் சென்னையின் மரிய இருதயம். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னையைச் சேர்ந்தவரே. உலக மேடையில் வெற்றி தேடித்தந்த அதே பலகை, ஊர்க்கூடத்தில் ஒரு சோதனையின்போது ‘கருவி’ எனக் கைப்பற்றப்படக்கூடிய பொருளாகவே இருக்கிறது.

5. கிழக்கே மதுரை, மேற்கே குமுளி

வடுகபட்டியின் இருப்பிடம் இச்சட்டங்களின் எல்லைக்கோடுகளை நன்கு காட்டுகிறது. 1987இல் சென்னை நகரக் காவல் சட்டம் மதுரை, கோயம்புத்தூர் நகரங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆகவே, இவ்வூரார் பூண்டு மூட்டையுடன் மதுரை நகருக்குள் நுழைந்தால் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 1888ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறுகிறார்.

மேற்கே கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து குமுளிக்கோ கம்பம்மெட்டுக்கோ ஏறினால் 1960ஆம் ஆண்டுக் கேரளச் சூதாட்டச் சட்டம். அங்கே கண்ணில் முதலில் படுவன லாட்டரிக் கடைகள். கேரள அரசு 1967 முதல் லாட்டரியைத் தானே நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடைசெய்யப்பட்டது. தேனி மாவட்டத்து உழைப்பாளர் பலர் மலையேறிச் சீட்டு வாங்கி வருவது இப்பகுதியினர் அறிந்த செய்தி. 1930ஆம் ஆண்டுச் சட்டமும் ‘சூதாட்டம்’ என்னும் சொல்லின் வரையறையிலிருந்து லாட்டரியை விலக்கியே வைத்துள்ளது. முழுக்க முழுக்கத் தற்செயலைச் சார்ந்த ஒன்று மலைக்கு அப்பால் அரசின் வருவாய். பெரிதும் திறமை சார்ந்த ஒன்று மலைக்கு இப்பால் காவல் ஐயத்துக்குரியது. அறம் சார்ந்த விளக்கம் எதுவும் இவ்வேறுபாட்டுக்குப் பொருந்தாது. ஆட்டத்தின் ஊதியம் யாரைச் சேர்கிறது என்பதே இதனை விளக்குகிறது.

6. இடமற்ற ஆட்டம்

இடத்தை அளந்த சட்டம், இடமே இல்லாத ஆட்டத்தைச் சந்தித்தபோது தடுமாறியது. 2020 ஜூலையில், சீட்டாடியதாகப் பதியப்பட்ட வழக்கொன்றை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இணையவழி ரம்மியை முறைப்படுத்தும் தேவையைச் சுட்டிக்காட்டியது. மறைவிடத்தில் சீட்டுடன் அமர்ந்தோர்மீது வழக்கு. கைப்பேசியில் இரவெல்லாம் பணம் இழந்தோர்க்கு எக்காப்பும் இல்லை என்னும் முரண் அவ்வழக்கில் வெளிப்பட்டது. இணைய ரம்மியில் கடன்பட்டோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அக்காலத்தில் தொடர்ந்து வந்தன.

2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 11ஆம் பிரிவையே தலைகீழாக்கி, பணயம் வைத்து ஆடினால் திறமை விளையாட்டுக்கும் விலக்கில்லை என்றது. உயர் நீதிமன்றம் அதனை 2021 ஆகஸ்ட் 3 அன்று செல்லாததாக்கியது. பின்னர் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தற்செயல் விளையாட்டெனப் பட்டியலிட்ட அதன் பகுதி 2023 நவம்பர் 9 அன்று நீக்கப்பட்டது. ஏனைய பகுதி நிலைத்தது. 2025இல் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை நுழைவைத் தடைசெய்தன. 2025 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அவ்விதிமுறைகளை ஏற்றது. 1845இல் பில்லியர்ட்ஸ் மேசைக்கு விதித்த இரவுத் தடை, 180 ஆண்டுகள் கழித்துக் கைப்பேசித் திரைக்கு விதிக்கப்பட்டதாக இதனைக் கொள்ளலாம்.

2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ, திறமையா தற்செயலா என்னும் வினாவையே இணையத்தில் தவிர்த்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் தடை என்பது அதன் நிலைப்பாடு. இதன் விளைவாக, நூற்றாண்டுக் கணக்கில் பழகிய அப்பாகுபாடு திரைக்கு வெளியே மட்டும் உயிர்வாழ்கிறது. கண்காணிக்க எளிதான ஊர்க்கூடங்களே அதன் எஞ்சிய களமாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தமிழக விளையாட்டுக் கூடச் சட்டங்களின் அடிப்படைத் தொடர்களான ‘வெறும் திறமை’யும் ‘ஊதியத்துக்கான பொது இல்லமும்’ இம்மண்ணின் தேவையிலிருந்து எழுந்தவை அல்ல. வில்வித்தை குன்றுமே என்னும் பழங்கவலையோடும் அதனை நீக்கிய பிற்காலச் சட்டத்தோடும் அவை பிணைந்தவை. 1845ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிட்டன் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் முழுமையாக நீக்கிக்கொண்டது. அதன் சொற்கள் நம் சட்டத்தில் நீடிக்கின்றன.

இரண்டாவதாக, ஒரே ஆட்டம் உறுப்பினர் மன்றத்தில் பொழுதுபோக்காகவும், வாடகைக் கூடத்தில் குற்றத்தின் தடயமாகவும் கொள்ளப்படும் நிலைக்கு ஆட்டத்தின் தன்மை காரணமன்று. கூடுவோரின் தகுதி பற்றிய முடிவே காரணம். மூன்றாவதாக, இருந்தாலே குற்றம் எனக் கொள்ளும் முன்னனுமானம், ஐயத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்கும் பொதுநெறிக்கு மாறானது. அதன் சுமை வழக்கறிஞரை அமர்த்த இயலாதோர்மீதே விழுகிறது.

சூதின் கேடு உண்மையானது. இணையத்தில் இழந்த உயிர்கள் அதற்குச் சான்று. அக்கேட்டைத் தடுக்க விரும்பும் சட்டம் பணயத்தின் அளவையும், கடனையும், ஆடுவோரின் வயதையும் அளக்க வேண்டும். பலகைகளையும் சதுர அடிகளையும் எண்ணுவதால் அது நிறைவேறாது. பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், கேரம், சதுரங்கம் ஆகியவற்றைத் திறமை விளையாட்டுகளெனச் சட்டத்திலேயே பெயர் சுட்டி, பணயமின்றி நடத்தப்படும் வாடகைக் கூடங்களை எளிய பதிவு முறைக்குள் கொணர்வது முதற்படியாக அமையும். அப்போது வடுகபட்டியில் பலகை இட்டவர் தாம் செய்வது தொழிலா, குற்றமா என்பதைச் சோதனைக்கு வரும் அலுவலரின் முகத்தைப் பார்த்து அறிய வேண்டியிராது. சட்டத்தைப் படித்தே அறியலாம்.